காயவைத்த மண்

இன்று காலை பேத்தி எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய். ஊறுகாய்க்கு மேலே ஒரு விரல் கனத்துக்கு நின்றது. "எண்ணெ மேல நின்னாத்தான் தாத்தா, காத்து உள்ள போகாது" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். அந்த வாசனையோடு உங்கள் சிரிப்பும் நினைவுக்கு வந்தது, சார். குழிக்கரையில் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அதுவரை என்னை வாங்க போங்க என்றே பேசிய மனிதர், அன்றைக்கு ஒரே ஒரு முறை, "யோவ், இது சரிதான்யா" என்றீர்கள்.

நீங்கள் போய்விட்ட செய்தி எனக்குக் காரியம் முடிந்த பிறகுதான் வந்தது. உங்கள் மகன் போனில் சொன்னார். உங்கள் டைரியில் என் நம்பருக்கு எதிரே பெயர் இல்லையாம், 'ஈயக்காரர்' என்று மட்டும் எழுதியிருந்ததாம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் போல என்று நினைத்துத்தான் கூப்பிட்டாராம். நான் சிரித்தேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

உங்கள்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நேரில் சொல்ல நாற்பது வருஷம் அவகாசம் இருந்தது. வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பேத்தியும் படிப்பாள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எழுபதுகளில் தாது தேடி ஒரு கூட்டம் எங்கள் ஊருக்கு வந்தது. என் நிலத்துக்கு மேற்கே ஆழமாகத் தோண்டி, கல்லை வெளியே எடுத்து, அங்கேயே ஷெட் போட்டு அரைத்து அலசிப் பார்த்தார்கள். கல்லில் ஈயம் இருக்கிறது, ஆனால் தோண்டுகிற அளவுக்கு இல்லை என்று இரண்டு வருஷத்தில் ஷெட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அரைத்து அலசிய கழிவு மட்டும் ஒரு பெரிய குழியில், தண்ணீருக்கு அடியில், சாம்பல் நிறச் சேறாகத் தங்கிவிட்டது. அந்தக் குழிக்கும் என் கிணற்றுக்கும் நடுவே எண்பது அடிதான்.

அதை அள்ளிக்கொண்டு போகச் சொல்லி மனு மேல் மனு போட்டவன் நான். ஊரில் வேறு யாரும் கையெழுத்துகூடப் போடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் ஆபீஸில் என்னை உட்காரச் சொல்லவும் மாட்டார்கள். தேரடித் தெருவில் பழைய புத்தகக் கடையில் பள்ளிக்கூடத்து ரசாயனப் புத்தகங்களாக வாங்கிப் படித்தேன். புரியாத பக்கத்தைப் புரிகிறவரை விடமாட்டேன். கடைசியில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என் தொல்லை தாங்காமல், "அந்தச் சேத்துல இன்னா இருக்குதுன்னு சோதிச்சு எழுதி வாங்கினு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அப்படித்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், ஒரு சாக்கு மண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடு, உங்கள் மண் பரிசோதனைக் கூடத்தின் மாடிப்படி ஏறினேன். மூன்று சின்ன அறைகள். ஜன்னலில் ராஜகோபுரத்தின் மேல் பாதி தெரியும். நீங்கள் ஒரு கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல், "நெல்லா, மல்லாட்டையா?" என்றீர்கள். வேர்க்கடலை போடுகிறவர்கள்தான் உரம் கேட்டு உங்களிடம் வருவார்கள். "ரெண்டும் இல்ல. ஈயம்" என்றேன். அப்போதுதான் திரும்பினீர்கள்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. உங்கள் கையெழுத்து அழகாக இருந்தது, அதுவே எனக்கு எரிச்சல். சேற்றில் இருக்கும் ஈயம் தண்ணீரில் கரைகிறது. பக்கத்துக் கிணற்றில் இப்போது ஈயம் இல்லை, ஆனால் மழைக்காலத்தில் ஊறி வரக்கூடும். எனவே அந்தக் கிணற்று நீரைக் குடிக்கக் கூடாது, சுற்றியுள்ள நிலத்தில் பயிர் வைக்கக் கூடாது. குழியை அள்ளச் சொல்லி மனு போட்டவனின் நிலத்தையே மூடச் சொல்லி எழுதிவிட்டீர்கள்.

செய்தி என்னைவிட வேகமாக ஊருக்குப் போனது. போளூரில் கட்டிக்கொடுத்திருந்த என் மகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். சம்மந்தியம்மா வந்தார்கள். வாசலிலேயே தெரிந்துவிட்டது, கையில் ஒரு கூஜா. குடிக்கத் தண்ணீரை அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். என் மனைவி நீட்டிய சொம்பைத் தொடவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க. பிரசவத்த எங்க வூட்லயே பாத்துக்கறோம்" என்றார்கள்.

"தலைப்பிரசவத்துக்குத் தாய் வூட்டுக்கு வராம இருக்கறதா?" என்றாள் என் மனைவி.

"தாய் வூட்ல தண்ணி நல்லாருந்தா ஏன் வராம இருக்கப் போறா?"

அவர்கள் சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தண்ணீரில் விஷம் இருந்தால், மகளை அழைத்துவந்து குடிக்கவைக்க எனக்கே மனம் வராது. இருக்கிறதா இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும்.

வாரத்துக்கு ஒரு நாள் உங்களிடம் சண்டைக்கு வந்தேன். உங்களுக்கும் நினைவிருக்கும்.

"கெணத்துல இல்லன்னு நீங்களே எழுதிட்டு, குடிக்காதன்னும் எழுதினா இன்னா சார் அர்த்தம்?"

"இன்னைக்கு இல்ல, நாளைக்கு வரலாம்னு அர்த்தம்."

"நாளைக்கு வர்றத இன்னைக்கே எழுத நீங்க இன்னா ஜோசியரா?"

"ஜோசியரா இருந்திருந்தா உங்களப் பாத்ததும் லீவு போட்டிருப்பேன்."

ஒரு வாரம் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் கல்லில் பளபளவென்று மின்னுவது ஈய சல்பைடு. அது தண்ணீரில் கரையாது என்று அச்சில் போட்டிருந்தது. அந்த வரிக்கு அடியில் நான் பேனாவால் கோடு போட்டிருந்தேன். "பொஸ்தகத்துல கரையாதுன்றாங்க. உங்க ரிப்போர்ட்டுல கரையுதுன்றீங்க. ரெண்டுல எது பொய்?" என்று மேஜைமேல் வைத்தேன். அந்த வரியை இரண்டு முறை படித்தீர்கள். "புஸ்தகத்த ஒரு வாரம் வெச்சிக்கட்டுமா?" என்றீர்கள். ஆபீஸ்காரர் ஒருவர் என்னிடம் புத்தகம் கேட்டது அதுதான் முதல் தடவை. கொடுத்துவிட்டேன். கோபம் மட்டும் குறையவில்லை.

அடுத்த வாரம் உங்கள் மேஜையில் வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றின் நகல் கிடந்தது. மெட்ராஸிலிருந்து யாரையோ பிடித்து வரவழைத்திருந்தீர்கள். மண்ணில் எவ்வளவு ஈயம் என்று மொத்தமாகப் பார்ப்பது போதாது, அது எந்த ரூபத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு படியாக அலசிப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். எனக்கு விளங்கவில்லை என்றதும் ஜன்னலைக் காட்டினீர்கள்.

"தீபத்தன்னைக்கு நம்ம பஸ் ஸ்டாண்டு எப்படி இருக்கும்? ஊருக்குள்ள மொத்தம் எத்தனை லட்சம் பேருன்னு எண்ணினா பஸ்ஸுல எவ்ளோ நெரிசல்னு தெரியுமா? மலை சுத்தினு இருக்கறவன் இருக்கான், லாட்ஜுல குறட்டை விடறவன் இருக்கான், லாக்கப்புல கூட நாலு பேரு இருப்பான். பஸ்ஸுக்கு நிக்கறவன் யாருன்னு பாக்கணும். வெறும் தண்ணியில அலசினா வர்ற ஈயம் பஸ்ஸுல ஏறிட்டவன். உப்புத் தண்ணிக்கு வர்றது படியில நிக்கறவன். வினிகர் மாதிரி புளிப்புக்கு வர்றது டிக்கெட் வாங்கினவன். கடைசியா, தங்கத்தையே கரைக்கற ராஜ திராவகம் ஊத்தினாத்தான் வருவேன்றான் பாருங்க, அவன் லாக்கப்புல இருக்கறவன். அவனால கெணத்துக்கு ஒண்ணும் இல்ல."

"அப்போ எங்க குழியில இருக்கறவன்லாம் யாரு?"

"சல்பைடா இருந்தா லாக்கப்பு. ஆனா நான் பாத்தப்போ ஏன் பஸ்ஸுல இருந்தான்னுதான் புரியல." அப்படிச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "இந்த மண்ண எப்படி எடுத்தாந்தீங்க?"

நான் பெருமையோடு சொன்னேன். "ஈரமாக் கொண்டாற நான் இன்னா வெவரம் தெரியாதவனா? களத்துல பரப்பி மாசி முழுக்கக் காயவெச்சேன். காலையில சாயங்காலம் திருப்பிப் போட்டேன். நடுவுல ரெண்டு தூத்தல் போட்டுச்சு, நனைஞ்சத மறுபடி காயவெச்சேன். ஒரு துளி ஈரம் கெடையாது சார்."

மல்லாட்டையோ கேழ்வரகோ, ஈரத்தோடு எதையும் ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது என்றே வளர்ந்தவன் நான். ஈரம் இருந்தால் எடையில் கழிப்பார்கள், முகத்துக்கு நேரே திட்டுவார்கள். சேற்றையும் அப்படியே நினைத்தேன்.

"நிறம் மாறுச்சா?" என்றீர்கள்.

"சாம்பலா இருந்தது செங்கல் நெறமாச்சு. மேல வெள்ளையாப் பூத்துச்சு."

நோட்டை மூடினீர்கள். எழுந்துபோய் ஜன்னலருகே நின்றீர்கள். "ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் குழியைத் தொடாதீங்க" என்றீர்கள், அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றிப் படித்தவன்தானே. தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல் கிடந்த சேற்றை வெளியே எடுத்து, வெயிலும் தூற்றலும் மாறி மாறிக் காட்டி, காற்றோடு சேரவிட்டு, அடைந்து கிடந்த ஈயத்தை நானே திறந்துவிட்டிருந்தேன். சோதனைக்குப் போனது குழியின் சேறு அல்ல, என் களத்தில் நான் செய்த வேறொரு பொருள். புரிந்தது என்றாலும் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் கூடத்திலும் அது மூன்று வாரம் கிடந்ததே, அங்கே மாறியிருக்கலாம் என்று இறங்குவதற்குள் ஒரு வாதம் தயார் செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தீர்கள். கணுவெல்லாம் தட்டிய நீளமான மூங்கில் ஒன்றைச் சைக்கிளின் பக்கவாட்டில் கட்டியிருந்தீர்கள். அதைச் சேற்றுக்குள் இறக்கி, மேல்வாயை உள்ளங்கையால் அடைத்துத் தூக்கினால், உள்ளே சேறு அப்படியே நின்றது. கறுப்புக் கலந்த சாம்பல், அழுகின முட்டை நாற்றம். "இந்த நாத்தம் நல்ல நாத்தம்" என்றீர்கள். பாட்டில் கழுத்துவரை நிரப்பியும் மேலே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. உள்ளே காற்று நிற்குமே என்று நீங்கள் முகம் சுளித்தபோதுதான் நான் கேட்டேன், "ஊறுகாய்க்கு ஊத்தற மாதிரி மேல எண்ணெ ஊத்திட்டா?" அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. என் மனைவி மல்லாட்டை எண்ணெய்த் தூக்கைக் கொண்டுவந்து ஊற்றினாள். சிரித்துக்கொண்டே அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டீர்கள்.

"உங்க ரிப்போர்ட்டுப்படி குடிக்கக் கூடாதே சார்" என்றேன்.

"இன்னைக்குக் கெணத்துல இல்லன்னும் நான்தான எழுதினேன்" என்று ஒரே மூச்சில் குடித்தீர்கள். சம்மந்தியம்மா தொடாத அதே சொம்பு.

விடுமுறை நாட்களில், ஆபீஸ் பூட்டியிருக்கும்போது, உங்கள் மேலதிகாரிக்குத் தெரியாமல் செய்த சோதனை அது. பாட்டிலைக் குலுக்குகிற வேலை என்னுடையது. மணிக்கணக்கில் குலுக்கினேன். கை ஓய்ந்தபோது, "மனு எழுதற கை, இதுக்குள்ள ஓஞ்சிடுச்சா?" என்றீர்கள். அலசிய நீரை, கீழே குழாயும் திருகும் வைத்த கண்ணாடிப் புனலில் ஊற்றி, அதனுடன் ஒரு பச்சைக் கரைசலைச் சேர்த்துக் குலுக்க வேண்டும். ஈயம் இருந்தால் பச்சை சிவப்பாகிவிடும்.

மேஜையில் இரண்டு புனல்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினீர்கள். ஒன்றில் எண்ணெய்க்கடியிலிருந்து எடுத்த ஈரச் சேறு அலசிய நீர். மற்றதில், சாக்கில் மிச்சம் இருந்த என் காய்ந்த மண் அலசிய நீர். குலுக்கி நிறுத்தினீர்கள். முதல் புனல் பச்சையாகவே நின்றது. இரண்டாவது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பருத்தி நிறத்துக்கு வந்தது. ஒரே குழி, ஒரே சேறு.

உப்புத் தண்ணீருக்கும் முதல் புனல் பச்சைதான். புளிப்புக்கு லேசாக ஓரம் மாறினது. கடைசியில் ராஜ திராவகத்தில் கரைத்தபோதுதான் ரத்தம் மாதிரி சிவந்தது. "எல்லாரும் உள்ளதான் இருக்காங்க" என்றீர்கள். கையிலிருந்த பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் வரலாம். அந்த நினைப்புக்குப் பின்னாலேயே இரண்டாவது புனலின் சிவப்பு கண்ணில் பட்டது. நீங்கள் அந்தப் புனலையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. திருகைத் திறந்து அதை வடித்துக் கழுவினீர்கள்.

குழியின் மேற்கு மடையில் வழிந்து கரையோரம் காய்ந்திருந்த சேற்றையும் சோதித்தீர்கள். அது சிவந்தது. அதைச் சுரண்டிச் சுண்ணாம்பு கலந்து மறுபடி தண்ணீருக்கடியில் தள்ளச் சொன்னீர்கள். "குழியை அள்ளணும்னு இனிமே மனு போடாதீங்க. அள்ளினா காயும். காஞ்சா கரையும். எப்பவும் தண்ணி நிக்கட்டும், வருஷா வருஷம் கெணத்துத் தண்ணியச் சோதிங்க." இத்தனை வருஷம் நான் போட்ட மனு எல்லாம் அன்றைக்குத் தப்பாகிவிட்டது. அதை ஜீரணிக்கவும் எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

இரண்டாவது அறிக்கை வேலூர் ஜில்லா ஆபீஸுக்குப் போய், தாலுகா ஆபீஸுக்குத் திரும்பி வந்தது. குமாஸ்தா எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். 'முதல் மாதிரி எங்கள் கூடத்தில் உலர்ந்துபோனதால் ஈயத்தின் ரூபம் மாறிவிட்டது. எனவே முதல் அறிக்கை திரும்பப் பெறப்படுகிறது.' படித்துவிட்டு, "ஒரு பிடி மண்ணக் காயாம வெக்கத் தெரியல, இவங்களுக்கு ஒரு ஆபீஸு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான், சார். நானும் சிரித்தேன்.

உங்களுக்கு மெமோ வந்தது. பின்னாலேயே தெற்கே மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பை மல்லாட்டையோடு வந்தேன். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஏன் சார் அப்பிடி எழுதினீங்க?"

"மனுதாரர் கொண்டாந்த மாதிரியே தப்புன்னு எழுதினா, ரெண்டாவது சோதனையையும் சேத்துத் தூக்கிப் போட்டுடுவாங்க. அதுவும் நீங்க கூட இருந்து எடுத்ததுதான். ஆபீஸ் தப்புன்னா ஒரு மெமோவோட போச்சு. பொண்ணுக்கு எத்தினியாவது மாசம்?"

"ஏழு."

"அப்புறம் இன்னா. வளைகாப்பப் பாருங்க."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் நான் சொன்னது, "இருந்தாலும் சார், உங்க ஃபாரத்துல எப்பிடி எடுத்தாந்தன்னு கேக்க ஒரு கட்டம் இல்லையே."

நீங்கள் கோபப்படவில்லை. "அதுவும் வாஸ்தவம்தான்" என்று ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். பஸ் வந்துவிட்டது.

வளைகாப்புக்குச் சம்மந்தியம்மா மறுபடி கூஜாவோடுதான் வந்தார்கள். ஆனால் அதை மூலையில் வைத்துவிட்டு, என் மனைவியிடம், "வெயில் ஜாஸ்தி, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றார்கள். என் மனைவி கிணற்றடிக்குப் போய் இறைத்துக் கொண்டுவந்தாள். அவர்கள் குடித்து முடிக்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். மகள் எங்களோடு தங்கினாள். அவள் பெற்ற பெண்தான் இன்று காலை ஊறுகாய்க்கு எண்ணெய் ஊற்றியவள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்து, அவளுக்கும் இப்போது கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருக்கிறது.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை, தீபத்தன்று, நீங்கள் எனக்குப் பேசுவீர்கள். முதலில் கடிதம், பிறகு போன். உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்னால், "குழியில தண்ணி இருக்குதா?" என்பீர்கள். இருக்கிறது என்பேன். கிணற்றுத் தண்ணீரின் சோதனை முடிவைப் படித்துக் காட்டுவேன். ஒவ்வொரு வருஷமும் ஈயம் இல்லை என்றுதான் வந்திருக்கிறது. "சந்தோசம்" என்று வைத்துவிடுவீர்கள். இத்தனை தடவை பேசியும், களத்தில் மண் காய்ந்த பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன மாசம் வேங்கிக்கால் பக்கம் ஒரு கூடத்தில் தண்ணீர் கொடுக்கப் போனபோது ஒரு படிவம் நீட்டினார்கள். 'மாதிரி எடுத்த விதம், கொண்டுவந்த விதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இதை அடுத்த தீபத்துக்கு உங்களிடம் சொல்லி மல்லுக்கு நிற்கலாம் என்று வைத்திருந்தேன்.

இரண்டாவது அறிக்கையின் நகல் என் பெட்டியில் இருக்கிறது. மதியம் அதை எடுத்தேன். 'எங்கள் கூடத்தில் உலர்ந்துபோனதால்' என்ற வரியை அடித்தேன். பக்கத்தில், 'காயவைத்தது நான், என் களத்தில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கட்டம் இல்லாதது உங்கள் ஆபீஸின் தப்பு என்பதில் நான் மாறப்போவதில்லை. அதனால் அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

பேத்தி எட்டிப் பார்த்துப் படித்தாள். முழுக் கதையையும் கேட்டாள். "இத்தன வருசமா யார்கிட்டயும் சொல்லலியா தாத்தா?" என்றாள்.

"யாரும் கேக்கல" என்றேன்.

"அவருதான் கேட்டாரே. எப்படி எடுத்தாந்தீங்கன்னு."

இதற்கு என்னிடம் வாதம் இல்லை. இல்லாதது நன்றாகத்தான் இருக்கிறது. நகலை இந்த மடலோடு வைத்து உங்கள் மகனுக்கு அனுப்புகிறேன். அவருடைய அப்பாவுக்கு மண் காயாமல் வைக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இதை எழுதி முடிக்கும்போது வெயில் இறங்கிவிட்டது. பங்குனி வெயிலில் குழியில் ஒரு சாண் தண்ணீர் குறைந்திருக்கிறது, மேற்குக் கரையில் சேறு தலைகாட்டப் பார்க்கிறது. மோட்டாரைப் போட வேண்டும்.